எலினாவின் கோபமும் எட்டுத் தறியும்

செட்டியார்பட்டி
2.7.2025

வைஜயந்திக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்திருப்பாய்.

போனில்தான் திட்டியிருப்பேன். ஆனால் என் கையில் போனைக் கொடுக்க இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அம்மாவின் போன், சித்தப்பாவின் போன், உன் அண்ணன் ஹரிப்ரசாத் ஆசை ஆசையாய் வாங்கிய போன், எல்லாம் என் கைபட்டுக் கறுத்துப்போன கதை உனக்குத் தெரியும். ஆகவே பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லாத ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் தபால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தாய். நேராகத் தறிக்கொட்டகைக்குள் போனாய். "அங்கிள், ஐயாதுரை அண்ணன ஏன் திட்டுதீங்க? தறி நிக்கிறதுக்கு அவரு காரணமில்ல. எலினாவுக்குக் கோவம் வந்தா கரண்டு நின்னுருது" என்று அப்பாவிடம் சொன்னாய். பிறகு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். எவ்வளவு சுலபமான வேலை உனக்கு!

அப்பா முதலில் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலமே சோதித்தும் பார்த்தார். "பன்னெண்டோட படிப்பு போதும், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். சும்மாதான் சொன்னாராம். எனக்கு உள்ளங்கை ஜில்லென்று ஆனது. ஆறு தறியும் அப்படியே நின்றன. அடுத்த தெரு மாவுமில்லும் சேர்ந்து நின்றது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடிக்கொண்டிருந்த நாடாக்கள் பாவு நூலுக்குள் மாட்டி, பேண்டேஜ் துணி முழுக்க நூல் அறுந்து தொங்கியது. அப்பா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இப்போது எனக்கு நம் பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே எங்கேயாவது கோபம் வந்துவிடுமாம். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் முடிந்ததும் என்னைத் தேவதானத்துக்கு அனுப்பப் போகிறார்கள். ஞானரத்தினம் அத்தையின் தென்னந்தோப்பு வீட்டுக்கு. அங்கே கரண்டே இல்லை, நிறுத்துவதற்கு. சரித்திர டீச்சர் ஆகவேண்டும் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கரும்பலகையும் சாக்பீசும் போதும், எந்த மெஷினும் வேண்டாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே யோசித்து வைத்தோம்? இனி நான் தேங்காய் எண்ணுவேன்.

பதில் எழுதாதே.

எலினா ஜேசுதாசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.7.2025

அன்புள்ள எலி,

நான் போடுவேன், அன்புள்ள என்று. எலி என்றும் கூப்பிடுவேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே முகர்ந்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு வைத்த கையோடு உன் அம்மா உறையை ஒட்டியிருக்கிறார்கள். எழுதும்போது நீ அழுதிருக்கிறாய், இரண்டாவது பக்கத்தின் அடியில் உப்பு வாசம். பதில் எழுதாதே என்ற வரியில்தான் ரொம்ப அழுதிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஏன் சொன்னேன் என்று கேள். உன் அப்பா ஐயாதுரை அண்ணனை அன்றோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டாரை ஒழுங்காகப் பார்க்கவில்லையாம். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நீயும் ஜன்னல் வழியாகப் பார்த்தாய். நீ சொல்வாய் என்று செத்த நேரம் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை, நான் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் அந்த மனிதருக்காகச் சொன்னது தப்பில்லை. இரண்டையும் சேர்த்து எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததே இல்லையடி. போன மார்ச்சில் நாம் பரீட்சை எழுதும்போது வெளியே ஒரு கம்பத்தில் மைக் கட்டிக் காது கிழிய அலறினார்களே? யாருக்கும் ஒரு வரி ஓடவில்லை. நீ பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாய், அவ்வளவுதான். தெருவே அமைதி. பிள்ளைகள் எல்லாம் கரண்டு போனதற்கு நன்றி சொன்னார்கள். எனக்கு மட்டும் யாருக்குச் சொல்லவேண்டும் என்று தெரியும். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையில் மூச்சு முட்டியது. நீயோ வியர்த்துப்போய்க் கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டாய்.

எனக்கு அப்படி ஒரு சக்தியா வாய்த்தது? மூக்கு! யார் வீட்டில் பால் பொங்கியது, எவன் குளிக்காமல் வந்தான் என்று தெரிந்து என்ன செய்ய?

உன்,
வைஜு


செட்டியார்பட்டி
11.7.2025

வைஜயந்திக்கு,

ஐயாதுரை அண்ணனைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சரி. அது உன் பக்கம்.

இப்போது என் பக்கம். என் வீட்டில் என் ரகசியத்தைச் சொன்னாயே, உன் வீட்டில் உன்னுடையதைச் சொன்னாயா? உங்கள் வீட்டில் ஆண்டாளுக்கு மாலை கட்டுகிறார்கள். சாமிக்குக் கட்டும் பூவை முகர்ந்து பார்க்கக்கூடாது. நீயோ வடக்குத் தெருவில் பூக்கூடை இறங்கும்போதே எந்தக் கூடையில் மல்லி, எதில் மருக்கொழுந்து என்று சொல்வாய். அதனால் உன் கை பட்டால் மாலை எச்சிலாகிவிடும் என்று நீயாக முடிவு செய்து, தலைவலி, வயிற்றுவலி, வீட்டுப்பாடம் என்று பூ அறைப் பக்கமே போவதில்லை. உன் அம்மா உன்னைச் சோம்பேறி என்று நினைக்கிறார்கள். அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய். என் விஷயத்தில் மட்டும் உனக்கு வாய் எப்படித் திறந்தது?

எனக்குத் தெரிந்த கதைப்படி உங்கள் ஆண்டாளே மாலையைத் தான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமிக்குக் கொடுத்தாள். தினமும் மாதா கோயில் பூசைக்குப் போகும் எனக்குத் தெரிவது உனக்குத் தெரியாதா?

இங்கே என் நிலைமையைக் கேள். எனக்குக் கோபமே வரக்கூடாது என்று அப்பா வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறார். காப்பியில் சர்க்கரை கூடப் போட்டு, "எங் கண்ணுல்லா, குடி தாயி" என்கிறார் அம்மா. நேற்று உப்பே இல்லாத சாம்பாரை நல்லாயிருக்கிறது என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். காலையும் மாலையும் செபமாலை சொல்கிறேன். தறிக்கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில், அப்பாவின் கண்பார்வையிலேயே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், அங்கே இருந்துதான் இதை எழுதுகிறேன். கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு இதமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது.

தறிகள் நிற்பதே இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கோ கிடந்த இரண்டு பழைய தறிகளையும் வாங்கி அதே கரண்டு லைனில் மாட்டிவிட்டார். எட்டுத் தறி ஓடுகிறது. தெருவில் எல்லோரும், "ஜேசுதாசன் அண்ணாச்சி காட்டுல மழைதான்" என்கிறார்கள்.

ஆனால் வைஜு, அப்பா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். முன்பெல்லாம் என் தலையில் குட்டுவார். அந்தக் குட்டு எனக்கு வேண்டும்.

போன தேரோட்டத்தில் தொலைந்து போன பிள்ளையின் சட்டையை முகர்ந்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்குள் நீ நேராக நடந்துபோய் அவன் அம்மாவின் கையைப் பிடித்தாயே. அந்த மூக்கையா வெறும் மூக்கு என்கிறாய்? நான் உன் பின்னால் ஓடிவந்தேன். உன்னோடு சிநேகிதமாக இருப்பதே பெரிய விஷயம் என்று அன்றைக்கு நினைத்தேன். இதை எழுதினாலும் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். கோபப்படாத கோபம்.

எலினா


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.7.2025

எலி,

உன் சண்டைக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் இது.

உன் கடிதத்தில் குழம்பு வாசமில்லை, உப்பு வாசமில்லை. கருகிய ரப்பர் வாசம். அதற்கு அடியில் பஞ்சு வறுபடும் வாசம். அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் இப்படி இருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. நீ சாய்ந்து எழுதிய அந்தச் சுவருக்குள் வயர் வெந்துகொண்டிருக்கிறது. வெதுவெதுப்பு என்று நீ எழுதியது அதுதான்.

உடனே உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஏற்கெனவே நீ சொன்னதே போதும்மா. இன்னும் என்ன சொல்லணும்? தறி இப்பத்தான் நல்லா ஓடுது" என்று வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. உன் அம்மா போன்தான் உன் புண்ணியத்தில் இல்லையே.

ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறப்போகிறது. வீடு முழுக்கப் பூ வேலை. என்னை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். எப்படியாவது சனிக்கிழமை வந்துவிடுவேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ, தெரியாது. அதுவரை அந்த அறையில் உட்காராதே. சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல் உன் அப்பாவை. தயவுசெய்து, எலி.

வைஜு


செட்டியார்பட்டி
21.7.2025

வைஜு,

நீதான் முந்தினாய். உன் கடிதத்தை இன்றைக்குத்தான் போஸ்ட்மேன் பால்சாமி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரித்துப் படித்துவிட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நீ ஒரு வார்த்தையும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதனால் எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது.

நீ கொட்டகை வாசலில் வந்து நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கிள், அந்தச் செவரு! அந்தச் செவரு!" என்று கத்தினாய். அப்பா, "ஏம்மா, திரும்பவுமா" என்று ஆரம்பித்தார். அதற்குள் சுவரின் மேல்பக்கத்திலிருந்து புகை வந்தது. கொட்டகை முழுக்கப் பஞ்சுத்தூசி. உத்தரத்தில், தறி மேல், தரையில், எங்கே பார்த்தாலும். ஒரு பொறி போதும். ஐயாதுரை அண்ணன் மெயின் ஸ்விட்சுக்கு ஓடினார். கைப்பிடி சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது, அசையவில்லை. வேலையாட்கள் வெளியே ஓடிவந்தார்கள். அவரும் அப்பாவும் மட்டும் உள்ளே நின்று அந்தக் கைப்பிடியைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று அம்மா கத்தினது அவர்கள் காதில் விழவில்லை. எட்டுத் தறியும் ஓடிக்கொண்டே இருந்தன.

"எலி, நிறுத்துடி!" என்றாய் நீ.

எனக்கு வரவில்லை, வைஜு. எவ்வளவு நாளாகக் கோபத்தை அமுக்கி அமுக்கி, செபம் சொல்லிச் சொல்லி, உள்ளே எதுவுமே இல்லாமல் ஆகியிருந்தது. பயம் இருந்தது. அப்பா செத்துப்போவார் என்ற பயம். பயத்துக்குக் கரண்டு நிற்காது போலிருக்கிறது. உள்ளங்கை சூடாகவே இருந்தது. என் ஒருத்தியால்தான் முடியும், அந்த என்னாலும் முடியவில்லை.

அப்போதுதான் நீ என் தோளைப் பிடித்துத் திருப்பி என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். "ஏட்டி, ஒன் பெஞ்சு இப்ப காலி இல்ல, தெரியுமா? கேத்ரின ஒக்கார வெச்சாச்சு. நாந்தான் ஒக்கார வெச்சேன். ஒன்ன அங்க யாரும் தேடல. நீ தேவதானத்துலயே கெட."

என் கை அப்படிக் குளிர்ந்ததே இல்லை. செட்டியார்பட்டி மொத்தமும் நின்றது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. தறிச்சத்தம் இல்லாமல் எங்கள் தெருவை நான் பகலில் கேட்டதே இல்லை. அந்த அமைதியில் அப்பா இருமும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவர் இருமிக்கொண்டே ஐயாதுரை அண்ணனோடு வெளியே நடந்து வந்தார்.

நீ போன பிறகு அப்பா சுவரை உடைத்துப் பார்த்தார். வயரின் மேல்தோல் மெழுகாக உருகி வடிந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "பரிபூரணம், முன்னாடி இவ கோவப்படும்போதெல்லாம் தறி நின்னுச்சு. வயரு ஆறிச்சு. நாம இவளச் சிரிக்க வெச்சு வெச்சு, ஆற விடாம ஓட்டிருக்கோம். அம்புட்டு நாளும் இவ கோவந்தான் நம்மளக் காப்பாத்திருக்கு." அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

தேவதானம் பற்றி அப்பா இன்னும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை வண்டி அனுப்புவதாகச் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

உன்னால்தான் என் அப்பா இருக்கிறார். ஒரு காகிதத்தை முகர்ந்துவிட்டு இத்தனை பேரைக் காப்பாற்ற உலகத்தில் யாரால் முடியும்? எனக்கு உன்னைக் கும்பிடவேண்டும் போல இருக்கிறது. ஆனாலும் ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்.

பெஞ்சு விஷயம் உண்மையா?

எலினா


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2025

அன்புள்ள எலி,

லூசு. உன் பெஞ்சில் என் பை இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து என் பைதான் உட்கார்ந்திருக்கிறது. கேத்ரின் ஒருநாள் உட்கார வந்தாள், "ஆள் வருது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டீச்சர் கேட்டார்கள், அவர்களிடமும் அதையே சொன்னேன்.

பயந்தாங்கொள்ளி, நன்றி கெட்டவள் என்றெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கெல்லாம் உனக்குக் கோபம் வராது, அழுகைதான் வரும். எது உன்னைச் சுடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். சொல்லும்போது உன் முகம் போன போக்கைப் பார்த்து, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். நாம் சண்டை போட்டிருந்ததும் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நீ நம்பியிருக்கமாட்டாய்.

கரண்டு நின்றபோது நான் உன் பக்கத்தில் நின்றேன் இல்லையா? உன்னிடமிருந்து ஒரு வாசம் வந்தது. முதல் மழை விழுவதற்கு முன்னால் வருமே, அது. நீ கோபப்படும்போதெல்லாம் அந்த வாசம்தான். உனக்கே தெரியாது. இவ்வளவு நல்ல வாசமுள்ள ஒன்றை நீ கெட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இனி என் கதை. நீ கேட்டது சரிதான், நான் என் வீட்டில் சொல்லவில்லை. தேருக்கு முந்தின நாள், பூ மலையாகக் குவிந்து கிடந்தது, கட்ட ஆள் போதவில்லை. அம்மா என்னைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். "இன்னைக்கும் தலவலியாடி?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகராமல் இருக்க என்னால் முடியாது, மூக்கில் துணி கட்டினாலும் வருகிறது, மாலையை எச்சில் பண்ணிவிடுவேன் என்று பயம் என்றேன். ஆண்டாள் போட்டுப் பார்த்தாளே என்று நீ எழுதியதையும் சொன்னேன்.

"அவ தாயாரு, தெய்வம், அவளோட நாம ஒண்ணா?" என்று அம்மா முதலில் அதட்டினார்கள். உன் வாதம் எடுபடவில்லை, வருத்தப்படாதே. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "ஏட்டி, பூவ மூக்குல வெச்சு இழுத்தா அது குத்தம். நீயா இழுக்கல. அது ஒன்னத் தேடி வருது. தேடி வாரத வேண்டாம்னு சொல்ல நீ யாரு? எந்திரி, கையக் கழுவிட்டு வா" என்றார்கள்.

அவ்வளவுதான் எலி. இத்தனை வருடம் நான் பயந்தது அவ்வளவுதான். கட்டினேன். விடியவிடியக் கட்டினேன், விரலையெல்லாம் நார் அறுத்துவிட்டது. தேர் நிலையை விட்டு அசைந்தபோது என் மாலையின் வாசம் எங்கே இருக்கிறது என்று கூட்டத்தில் நின்றபடியே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நீ இல்லை. அது ஒன்றுதான் குறை.

தேவதானத்துக்குப் போகாதே. உன் அப்பாவிடம் கேள். வாயைத் திறந்து கேள். நான் ஒரு தடவை உனக்காகப் பேசிவிட்டேன், இந்தத் தடவை நீதான் பேசவேண்டும்.

உன்,
வைஜு


செட்டியார்பட்டி
7.8.2025

அன்புள்ள வைஜு,

கேட்டேன்.

அத்தை அனுப்பிய வண்டி மூன்று நாளைக்கு முன்பே வந்துவிட்டது, திருநாளுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. டிரைவர் ராஜரத்தினம் அண்ணன் என் பெட்டியைத் தூக்கினார். நான் அப்பா முன்னால் போய் நின்றேன். "நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்ப்பா. எனக்குக் கோவம் வரும். வந்தா கரண்டு நிக்கும். அப்படியேதான் இருப்பேன். ஆனா படிக்கணும்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். விளக்கு அணையவில்லை.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு ராஜரத்தினம் அண்ணனிடம், "பெட்டிய எறக்குய்யா. எந் தங்கச்சிட்ட சொல்லு, தேங்கா எண்ண அவளே வேற ஆளு பாத்துக்கிடட்டும்" என்றார். சொல்லிவிட்டு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். வலித்தது. நான் அழுததைப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஓங்கிக் கொட்டிட்டனா தாயி" என்று பதறினார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கொட்டகைக்கு முழுக்கப் புது வயர் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை, தறிகளுக்கு நடுநடுவே கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம், அதுவும் என் கோபத்தால். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்றால் கேட்பதில்லை. டீ நேரத்தில் நாடா எல்லாம் ஓரத்துக்கு வந்ததும் ஐயாதுரை அண்ணன் கையைக் காட்டுகிறார். உடனே அப்பா என்னிடம் வந்து என்னைத் திட்டப் பார்க்கிறார். "நீ சரியாவே படிக்க மாட்டேங்க" என்கிறார். "ஒங்க அம்மா மாதிரியே இருக்க" என்கிறார். அவருக்கு வரவே மாட்டேன் என்கிறது, எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஐயாதுரை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்விட்சை அணைக்கிறார்.

இன்றைக்குச் சாயங்காலம், நீங்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, அப்பா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசினார். கம்ப்யூட்டர் லேப் பக்கம் நான் போகக்கூடாது, கோபம் வந்தால் கேட்காமலே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடவேண்டும், அவ்வளவுதான் கண்டிஷன். துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மழை வாசம் வந்தால் முதலில் தெரிகிற ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை வருகிறேன். பெஞ்சிலிருந்து உன் பையை எடுத்துவிடு.

உன்,
எலி